மணிகளின் வரலாற்றில் துளைக்கருவி எங்கே?

கடந்த மாதம் ஒரு சிறிய பொருளைத் தேடி நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை ஆகிய மூன்று ஊர்களின் ஹார்டுவேர் கடைகளிலும் ஏறி இறங்கினேன். தேடியது, கல்லில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் துளையிடக்கூடிய டிரில் பிட். உதியன்குளங்கரையில் எங்கள் வீட்டுக்கு அருகில் சிரட்டையில் கரண்டியும் கிண்ணமும் மணியும் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சிரட்டை மணிகளுக்கு நடுவே வெள்ளைப் படிகக் கற்களையும் கோத்து ஒரு மாலை செய்ய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். கற்களைப் பொறுக்கி, தேய்த்து, உருட்டி வைத்திருந்தார். அவற்றில் துளை போடத்தான் வழி தெரியவில்லை.

ஒரு மில்லிமீட்டர் பிட் கடையில் இருந்தது. ஆனால் அது இரும்புத் தகட்டுக்கும் மரத்துக்கும் உரிய எஃகு பிட். சுவரில் துளையிடும் பிட்டும் இருந்தது. அது பாசிமணியைத் துளைப்பதற்குப் பதிலாகப் பிளந்துவிடும் பருமன். எஃகு பிட்டையே வாங்கிவந்து முயன்றோம். ஒரு நிமிடத்தில் அதன் முனை மழுங்கியது. கல்லின்மேல் எஞ்சியது ஒரு சாம்பல் நிறக் கீறல் மட்டுமே. அதுவும் கல்லில் விழுந்த கீறல் அன்று, கல் உரித்தெடுத்த எஃகின் தடம். எஃகு படிகத்தை அறுக்கவில்லை. படிகம்தான் எஃகை அறுத்தது.

கடையில் நடந்த வேறொன்று, மொழியியல் படித்தவன் என்ற முறையில், என்னை இன்னும் ஆழமாகத் தைத்தது. நான் 'துளைப்பான்' என்றேன், கடைக்காரருக்கு விளங்கவில்லை. 'சின்ன பிட்டு' என்றதும் எடுத்து வைத்தார். அருகில் ஆணி வாங்க நின்றிருந்த வயதான ஆசாரி ஒருவர் மட்டும், "தமரா கேக்குது பிள்ளே?" என்றார். அந்தச் சொல்லை நான் அகராதியில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு மனிதர் வாயிலிருந்து கேட்டது அதுவே முதன்முறை.

இந்தப் பதிவு அந்தச் சொல்லைப் பற்றியும், அது சுட்டும் கருவியைப் பற்றியும், அவ்விரண்டையும் நம் ஆய்வுலகம் நடத்தும் முறையைப் பற்றியும் ஆனது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழகத்தின் தொல்லியல் வரலாற்றை எழுதும்போது நாம் மணியை எண்ணுகிறோம். அது சென்றடைந்த துறைமுகத்தைக் கொண்டாடுகிறோம். அதைப் பாடிய புலவரைப் போற்றுகிறோம். மணியை மணியாக்கிய துளையையும், துளைத்த கருவியையும், கருவியைப் பிடித்த கையையும், அந்தக் கை வழங்கிய சொல்லையும் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டோம். இது வெறும் விடுபடல் அன்று. வரலாற்றின் நடுப்பகுதியே இல்லாமல் வரலாறு எழுதுவதாகும்.

*

துளை ஏன் நடுப்பகுதி? ஒரு கூழாங்கல்லைத் தேய்த்து உருண்டையாக்கப் பொறுமை போதும். அதை நூலில் கோக்க வேண்டுமானால், கல்லின் உடலுக்குள் நேராகவும் மெல்லியதாகவும் இருபுறமும் சந்திப்பதாகவும் ஒரு வழி அமைய வேண்டும். மணி பெரும்பாலும் உடைவது அந்தக் கட்டத்தில்தான். அதுவரை செலவிட்ட உழைப்பு முழுவதும் ஒரு நொடியில் வீணாகும். ஆகவே ஒரு மணியின் விலையில் கணிசமான பங்கு அதன் துளையின் விலையே.

1812இல் பிரீட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவை இதை எளிதாக விளக்கும். படிகமும் அதன் உறவான அகேட், சூதுபவளம் முதலியவையும் ஏறத்தாழ 7. பச்சைக்கல் எனப்படும் பெரில் 7.5 முதல் 8 வரை. எங்கள் திருவனந்தபுரம் மாவட்டத்து மண்ணில் கிடைக்கும் பூனைக்கண் கல்லாகிய கிரைசோபெரில் 8.5. நீலமும் மாணிக்கமும் 9. வைரம் 10. ஒரு கல்லைத் துளைக்கக் குறைந்தது அதே அளவு கடினமான பொருள் முனையில் இருக்க வேண்டும், அல்லது அத்தகைய பொருளின் தூளாவது முனைக்கும் கல்லுக்கும் இடையில் உருள வேண்டும். இந்த ஒரு விதியிலிருந்து எந்தக் காலத்துக் கைவினைஞரும் தப்ப முடியாது. எனவே, ஒரு சமூகம் எந்தக் கல்லைத் துளைத்தது என்பது, அந்தச் சமூகத்தின் கையில் எந்தக் கருவி இருந்தது என்பதற்கான நேரடிச் சான்று.

இங்கே மொழி மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அளவையில் 9ஆம் இடத்தில் உள்ள கனிமத்துக்கு உலக அறிவியல் வழங்கும் பெயர் கொரண்டம். அது தமிழின் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பகுதியில் இன்றும் கிடைக்கும் கல் அது. அதன் தூளை அரக்கில் குழைத்து ஆக்கிய சாணைகளில்தான் இந்தியக் கைவினைஞர் தலைமுறை தலைமுறையாகக் கற்களைத் தேய்த்தனர். தேய்க்கும் தூளின் பெயரை உலகுக்குக் கொடுத்த மொழி, துளைக்கும் முனையின் பெயரைத் தன் பிள்ளைகளுக்கே கொடுக்க இயலாத நிலைக்கு எப்படி வந்தது என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய கேள்வி அன்று.

*

துளைக்கருவியைத் தனியே எடுத்து ஆராய்ந்தால் என்னென்ன தெரியவரும் என்பதற்குச் சிந்துவெளி ஆய்வுகள் நல்ல முன்மாதிரி. சான்குதாரோவில் 1935–36இல் அகழாய்வு செய்த ஏர்னஸ்ட் மக்கே, மணி செய்யும் பட்டறையையும் அதில் கிடந்த கல் துளைமுனைகளையும் வெளிக்கொணர்ந்தார். நீண்ட சூதுபவள மணிகளைத் துளைக்கப் பயன்பட்ட அந்த முனைகளின் கல் தனித்தன்மை உடையது என்பதை உணர்ந்த கெனோயரும் விதாலேயும், மக்கேயின் நினைவாக அதற்கு 'ஏர்னஸ்டைட்' என்று 1992இல் பெயரிட்டனர். குஜராத்தின் தோலாவிராவில் மட்டும் இத்தகைய முனைகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்துள்ளன. ஆயிரம் மணிகள் கிடைத்த ஊரை 'வளமான ஊர்' என்போம். ஆயிரம் துளைமுனைகள் கிடைத்த ஊரை என்னவென்று அழைப்பது? அது தொழிலாளர் ஊர். வாங்கிய ஊரையும் செய்த ஊரையும் பிரித்துக் காட்டுவது மணி அன்று, முனை.

கெனோயர் அத்தகைய முனையைச் செய்து, வில் துரப்பணத்தில் பூட்டி, சூதுபவளத்தைத் துளைத்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் முனை முன்னேறியது ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பாருங்கள். ஆறு சென்டிமீட்டர் நீள மணிக்கு 24 மணி நேரம், அதாவது நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாக மூன்று முழு நாள். பத்து சென்டிமீட்டர் மணிக்கு ஐந்து நாள். கராச்சிக்கு அருகிலுள்ள அல்லாதினோவில் கிடைத்த ஒரே அணியில் இத்தகைய நீண்ட மணிகள் 36. இந்தக் கணக்கு வந்தபின் அந்த அணியை 'அழகிய ஆபரணம்' என்ற ஒற்றைச் சொல்லில் கடக்க முடியாது. அது பல மாதங்களின் கூலியாகவும் பல கைகளின் காப்பாகவும் கண்முன் நிற்கும்.

பின்னர் வைரம் வந்தது. உலோகத் தண்டின் நுனியில் ஒன்றோ இரண்டோ வைரச் சிதறல்களைப் பதித்து, வில்லால் சுழற்றி, சொட்டுச் சொட்டாக நீர் விட்டுத் துளைக்கும் முறை. குஜராத்தின் காம்பே என்னும் கம்பாத்தில் இம்முறை இக்காலம் வரை தொடர்ந்திருக்கிறது. நாள்களில் நடந்த வேலையை வைரம் நிமிடங்களுக்குச் சுருக்கியது.

இம்முறையின் பழைமையை நிறுவியவர்களில் இருவர் பல் மருத்துவத்தைச் சேர்ந்தவர்கள் என்பது சுவையான செய்தி. லெனார்டு கோரலிக்கும் ஜான் குவினெட்டும், பல்லின் அச்சை எடுப்பதுபோல, மணியின் துளைக்குள் சிலிக்கோன் செலுத்தி அச்செடுத்தனர். அந்த அச்சை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து, உட்சுவரில் கருவி விட்டுச்சென்ற வரிகளைப் படித்தனர். தூள் உருண்டு தேய்த்த துளைக்கும் வைரமுனை அறுத்த துளைக்கும் வரிகள் வேறுபடும். அவர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வொன்று நமக்கு மிக நெருக்கமான ஊரைப் பற்றியது: இலங்கையின் மாந்தை, அதாவது திருக்கேதீச்சரம் அமைந்திருக்கும் மாதோட்டம். கி.பி. 700க்கும் 1000க்கும் இடைப்பட்ட காலத்தில் அங்கு மணிகளை வைரமுனையால் துளைத்ததற்கான சான்றை அவர்கள் துளையின் உட்சுவரிலிருந்தே எடுத்துக்காட்டினர். மாதோட்டத்தின் கோயிலையும் துறைமுகத்தையும் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறோம். அங்கே ஒருவர் வில்லைப் பிடித்து அமர்ந்து வைரமுனையால் மணி துளைத்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் வகுப்பறையில் கேட்டிருக்கிறோம்?

பல் மருத்துவத்துக்கும் மணித் துளைக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. பலுசிஸ்தானத்தின் மெஹர்கரில், ஏறத்தாழ 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப் பற்களில் கருவியால் இட்ட துளைகள் இருப்பதை 2006இல் அறிவித்தனர். மணி துளைத்துப் பழகிய சக்கிமுக்கிக் கல்முனைகளே பல்லுக்கும் பயன்பட்டிருக்கும் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். ஒரு தொழிலின் கைத்திறன் மருத்துவமாக மாறிய இடம் அது.

*

இனி நம் மண்ணுக்கு வருவோம். நொய்யல் ஆற்றின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே உள்ள கொடுமணல் தமிழ் மாணவர்கள் அனைவரும் அறிந்த பெயர். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் கொடுமணம் என்று குறிக்கும் ஊர் இதுவே என்று ஆய்வாளர் கொள்கின்றனர். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினரும், 2012–13இல் கா. ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தினரும் அங்கு அகழாய்வு செய்தனர். பச்சைக்கல், நீலம், படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட் எனப் பலவகைக் கற்கள் அங்கு கிடைத்தன.

என்னைப் பொறுத்தவரை கொடுமணலின் உண்மையான செல்வம் அந்தக் கற்களின் வகை அன்று, அவற்றின் நிலை. மூலக்கல், உடைத்த துண்டு, உருக்கொடுத்த கல், தேய்த்துத் துளையிடாத மணி, துளையிட்டு மெருகேற்றாத மணி, வேலைக்கிடையில் உடைந்து வீசப்பட்ட மணி, முழுமையான மணி எனத் தொழிலின் ஒவ்வொரு படியும் அங்கு கிடைத்தது. முழுமையான மணி வணிகரோடு எங்கும் பயணம் செய்யும். பாதி துளைத்த மணியை யாரும் விலைக்கு வாங்கிச் செல்வதில்லை. அது பிறந்த இடத்திலேயே கிடக்கும். கொடுமணல் மணிகளை வைத்திருந்த ஊர் மட்டும் அன்று, மணிகளைச் செய்த ஊர் என்று நாம் துணிந்து கூறுவதற்கு அடிப்படை, தோற்றுப்போன அந்த மணிகளே.

ஆயினும் நம் அருங்காட்சியகப் பேழைகளில் பெரும்பாலும் இடம்பெறுவது எது? மெருகேறிய முழு மணி. மேடைகளில் நாம் பேசுவது எது? உரோமானியத் தங்கம். எரித்திரியக் கடற்பயணக் குறிப்பு முசிறிப் பகுதியின் ஏற்றுமதிகளில் ஒளி ஊடுருவும் கற்களையும் வைரத்தையும் நீலத்தையும் பட்டியலிடுவதை மேற்கோள் காட்டுகிறோம். இந்தியர்கள் நீண்ட பெரில் கற்களைத் துளைத்து யானை மயிரில் கோப்பதில் விருப்பமுடையவர்கள் என்று பிளினி எழுதியதையும் காட்டுகிறோம். ஆனால் 7.5க்கு மேற்பட்ட கடினமுடைய கல்லை நீளவாக்கில் துளைத்தவர் எதைக்கொண்டு துளைத்தார் என்ற அடுத்த கேள்விக்கு நம் விவாதங்கள் அரிதாகவே நகர்கின்றன.

என் ஊரையே எடுத்துக்கொள்ளலாம். உதியன்குளங்கரை என்ற பெயரிலுள்ள 'உதியன்' சேர மன்னன் பெயரா, குளத்தங்கரையில் நின்ற உதியமரமா என்று கேட்டால் தேநீர்க் கடையில்கூட ஒரு மணி நேரம் விவாதம் நடக்கும். நானும் கலந்துகொண்டிருக்கிறேன். அதே கடைக்கு எதிரில் இருந்த ஆசாரிப் பட்டறையில் வழங்கிய கருவிப் பெயர்களை ஒருவரும் குறித்துவைக்கவில்லை. பட்டறை இப்போது இல்லை. அரசனைத் தேடும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கு கருவியைத் தேடுவதில் இருந்திருந்தால் போதும்.

*

சொற்களைப் பார்ப்போம். தமிழ்ப் பேரகராதி 'தமர்' என்பதற்குத் துளை என்றும் துளைக்கும் கருவி என்றும் பொருள் தருகிறது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இதைத் தமிழ், மலையாளம் இரண்டிலும் காட்டுகிறது. 'துரப்பணம்' என்பதும் இரு மொழிக்கும் பொது. 'தோட்டம் துரவு' என்னும்போது வருகின்ற துரவும் அதுவும் தோண்டுதல், துளைத்தல் என்னும் ஒரே பொருட்புலத்தைச் சேர்ந்தவை. இந்தி, உருது வழியாக வந்த 'பர்மா' பட்டறைகளில் பரவியது. மதுரைக்காஞ்சியோ மணி துளைப்போரைக் 'குயினர்' என்று தனிப் பெயரிட்டே வழங்குகிறது. தொழில் பிரிந்து, அதற்கெனத் தனி வினைஞர் குழு அமைந்து, அக்குழுவுக்குத் தனிப்பெயர் நிலைத்த காலத்தின் சான்று அச்சொல்.

ஆக, சொல் இல்லாமல் இல்லை. குறை வேறிடத்தில் உள்ளது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த அப்பேரகராதி நமக்குக் கிடைத்த பெரும் பேறு, அதில் ஐயமில்லை. ஆனால் 'துளையிடுங் கருவி' என்ற ஒற்றைப் பொருளுரை தமருக்கும் துரப்பணத்துக்கும் பர்மாவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லாது. எது வில்லால் சுழல்வது, எது கையால் முறுக்குவது, எதன் முனை இலை போன்றது, எதன் முனை ஊசி போன்றது, எது மரத்துக்கு, எது சங்குக்கு, எது கல்லுக்கு? சுழற்றும் வில்லுக்கு என்ன பெயர், அதன் கயிற்றுக்கு என்ன பெயர், தலையில் அழுத்திப் பிடிக்கும் கட்டைக்கு என்ன பெயர், துளை கோணினால் அதற்கு என்ன சொல்? இவற்றுக்கெல்லாம் ஒருகாலத்தில் விடை இருந்தது. விடை ஏட்டில் இல்லை, கையில் இருந்தது.

கருவியை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் சேமித்தால் என்ன ஆகும் என்பதற்கு 'வைடூரியம்' நல்ல எடுத்துக்காட்டு. பாலியில் வேளுரிய, கிரேக்கத்தில் பெரில்லோஸ் என வழங்கிய அந்தக் குடும்பத்துச் சொல் பழங்காலத்தில் குறித்தது பெரில். இன்று நகைக்கடையில் வைடூரியம் என்றால் பூனைக்கண் கல். கனிமம் வேறு, கடினம் வேறு, துளைக்கும் உழைப்பு வேறு. பழைய பனுவலில் வைடூரியம் என்று கண்டவுடன் இன்றைய கல்லை மனத்தில் கொள்ளும் மாணவர், சொல்லைச் சரியாகப் படித்தும் பொருளைத் தவறவிடுகிறார். பொருளோடு கட்டிவைக்காத சொல் இப்படித்தான் நழுவும்.

எல்லைப்புறமாகிய எங்கள் பகுதி இத்தகைய ஆய்வுக்கு மிகப் பொருத்தமானது. 1956 நவம்பர் 1 வரை இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் நெய்யாற்றின்கரையும் ஒரே மாநிலம். கோடு அதன்பின் விழுந்தது. தச்சரின் சொல் அந்தக் கோட்டை அறியாது. ஹார்டுவேர் கடையில் நான் கேட்ட 'தமர்' தமிழா மலையாளமா என்று கேட்பது அந்த ஆசாரிக்கு வியப்பாகவே இருக்கும். ஆனால் நம் பல்கலைக்கழகங்களின் களப்பணி வரைபடம் பெரும்பாலும் களியக்காவிளையில் நின்றுவிடுகிறது. அந்தப் பக்கத்தினருடையதும் அங்கேயே நின்றுவிடுகிறது.

*

இதற்கு எதிராக இரண்டு வாதங்களை நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன். இரண்டும் பொருட்படுத்தத் தக்கவை.

முதலாவது: கருவி மறைந்தால் சொல்லும் மறைவது இயல்பு, மின்துளைப்பான் வந்தபின் வில் துரப்பணத்துக்காக வருந்துவது வெறும் பழைமை ஏக்கம். இயல்பு என்பதை ஏற்கிறேன். நான் கேட்பது வில்லை மீண்டும் கையில் எடுக்க வேண்டும் என்பது அன்று. அதை அறிந்தவர் இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும் என்பது. கெனோயர், விதாலே, குல்தீப் பான் ஆகியோர் கம்பாத்தின் கைவினைஞர்களோடு அமர்ந்து செய்த ஆய்வுகள் இல்லையெனில், சிந்துவெளித் துளையின் உட்சுவரைப் படிக்கும் கண் நமக்குக் கிடைத்திருக்காது. நிகழ்காலக் கை கடந்தகாலக் கல்லை விளக்கியது. நம்மிடமும் அத்தகைய கைகள் எஞ்சியுள்ளன, மிகச் சிலவாக.

இரண்டாவது வாதம் கூர்மையானது: கைவினையைப் புகழும் நீங்கள் அந்தத் தொழிலின் துயரத்தை மறைக்கிறீர்கள். இது உண்மையாகிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கம்பாத்தில் அகேட்டைத் தேய்த்தும் துளைத்தும் வாழ்ந்தவர்களிடையே சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் பரவலாக இருந்தது மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. படிகத்தின் நுண்தூள் மூச்சோடு நுரையீரலில் படிந்து அதைத் தழும்பாக்குகிறது. குணப்படுத்தும் மருந்து இல்லை. மணியின் அழகை மட்டும் எழுதும் வரலாற்றில் இந்தத் தூளுக்கு இடமில்லை. கருவியை எழுதும் வரலாற்றில்தான் நீர் ஏன் சொட்ட வேண்டும், உலர்ந்த கல்லை ஏன் தேய்க்கக் கூடாது, யார் எவ்வளவு நேரம் எவ்வளவு கூலிக்குக் குனிந்து அமர்ந்தார் என்ற கேள்விகள் எழும். கருவியைப் பேசுவதே உழைப்பைப் பேசுவதற்கான வாயில்.

*

என்ன செய்யலாம்? பெருந்திட்டம் எதையும் நான் முன்வைக்கவில்லை. ஒரு துறையின் ஓராண்டு முயற்சிக்குள் அடங்கக்கூடிய நான்கு செயல்களை முன்வைக்கிறேன்.

ஒன்று. அகழாய்வு அறிக்கைகளில் மணியின் எண்ணிக்கை, நிறம், வடிவம் ஆகியவற்றோடு துளையின் அளவையும் கட்டாயமாக்கலாம்: இரு வாய்களின் விட்டம், உள்ளே குறுகுகிறதா, இருபுறத் துளைகள் சந்திக்கும் இடத்தில் படி உள்ளதா, உட்சுவரின் வரிகள் எத்தகையவை. சிலிக்கோன் அச்செடுப்பது பல் மருத்துவக் கல்லூரிகளில் அன்றாட வேலை. தொல்லியல் துறையும் அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரியும் ஒரு மேசையில் அமர்ந்தால் இதைத் தொடங்கிவிடலாம்.

இரண்டு. ஒவ்வொரு முழு மணிக்கும் அருகில் ஓர் உடைந்த மணியை அருங்காட்சியகத்தில் வைக்கலாம். மாணவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த உடைந்த மணியை.

மூன்று. தொழிற்சொல் களப்பணியை முதுகலை ஆய்வேடுகளின் பொருளாக்கலாம். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்கில் வேளாண்மைச் சொற்களுக்கான வட்டாரத் தொழில் அகராதியை 1962இலேயே வெளியிட்டார். அதனை அடுத்துக் கைத்தறிச் சொற்களுக்கும் ஒரு தொகுதி வந்தது. தமிழில் கி. ராஜநாராயணன் ஒரு வட்டாரத்தின் வழக்குச் சொற்களைத் தொகுத்துக் காட்டிய வழியும் நம் முன் உள்ளது. தொழில்வாரியாக, கருவியின் வரைபடத்தோடும் இயங்கும் காட்சிப் பதிவோடும், எல்லையின் இருபுறமும் சென்று, தச்சர், பொற்கொல்லர், சங்கு அறுப்போர், சிரட்டை வேலை செய்வோர் ஆகியோரின் சொற்களை ஒரு மாணவர் ஒரு தொழில் என்ற கணக்கில் எடுத்துக்கொண்டால், ஐந்தாண்டில் ஓர் அகராதி உருவாகும்.

நான்கு. சொல்லித்தருபவரை 'தகவலாளி' என்று பின்னிணைப்பில் நிறுத்தாமல், அவர் செலவிடும் நாளுக்குக் கூலியும் அவருடைய அறிவுக்கு உரிய இடமும் தரலாம். நமக்குச் செய்துகாட்டுவதற்காக ஒருவர் உலர்ந்த கல்லைத் தேய்த்துத் தூளை மூச்சில் இழுக்கும்படி ஆகாமல் பார்த்துக்கொள்வதும் ஆய்வாளரின் கடமை.

*

படிக மாலை என்ன ஆயிற்று என்று கேட்கலாம். விடை பல் மருத்துவத்திலிருந்தே வந்தது. பல் செயற்கை உறுப்புகள் செய்யும் நண்பர் ஒருவர், வைரத்தூள் பதித்த, தேய்ந்து ஒதுக்கிய பர் முனைகள் சிலவற்றைக் கொடுத்தார். கல்லைக் கிண்ணத்து நீரில் மூழ்கவைத்து, சிறிய மின்துளைப்பானால் ஒருபுறம் பாதி, மறுபுறம் பாதி எனத் துளைத்தோம். முதல் இரண்டு கற்கள் பிளந்தன. மூன்றாவதில் இரு துளைகளும் சந்தித்தன. சற்றுக் கோணலாக, நடுவில் ஒரு சிறு படியோடு. எட்டு மில்லிமீட்டர்க் கல்லுக்கு ஒரு பிற்பகல் கழிந்தது.

பெரியவர் அதை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிளந்த இரண்டு கற்களையும் தூக்கி எறியப்போன என்னைத் தடுத்தார். "அதயும் வச்சுக்க மக்களே. எப்படி ஒடஞ்சுதுன்னு பாத்தாத்தான அடுத்தது ஒடயாம இருக்கும்" என்றார்.

இரண்டு கற்களும் இப்போது என் மேசைமேல் இருக்கின்றன. உங்கள் ஊரில் துளைக்கும் கருவிக்கு வழங்கும் பெயரையும், அது எந்தத் தொழிலுக்கு உரியது, எப்படிச் சுழலும் என்பதையும் அறிந்திருந்தால் இங்கே எழுதுங்கள். பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் இன்னும் நன்று.